வாட் எவ்வளவு, ஓம் எவ்வளவு: எந்த மீட்டரை நம்பி வாங்குவது?

நம் ஊரில் ‘கரண்ட்’ என்ற ஒரே சொல் பாவம் எத்தனை வேலை பார்க்கிறது! கரண்ட் போச்சு, கரண்ட் அடிச்சது, கரண்ட் பில் வந்தது. “இந்த ஹீட்டர் ரொம்ப கரண்ட் இழுக்குது” என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது ஆம்பியரா, வாட்டா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் யூனிட்டா என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் “வீட்டுச் சாமான் எவ்வளவு இழுக்குதுன்னு பார்க்க என்ன மீட்டர் வாங்கலாம்” என்று யாராவது கேட்டால், அந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்டுவிடுவேன்.

போன மார்கழியில் பெரியம்மா போன் செய்தார். “ஏம்ப்பா, ஆயிரத்து ஐநூறு வாட் ராடுன்னு சொல்லித்தான் கடைக்காரன் கொடுத்தான். ஒரு பக்கெட் தண்ணி சுட அரை மணி நேரம் ஆகுது. ஏமாத்திட்டானா?” கேட்க எளிய கேள்வி. ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஓம், வோல்ட், ஆம்பியர், வாட் நான்கையும் தொட வேண்டியிருந்தது, இரண்டு மீட்டர் தேவைப்பட்டது. ராடின் கதையை இடையிடையே சொல்கிறேன்.

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் மூன்றாவது ஒன்று கிடைக்கும்: வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட். 230 வோல்ட்டில் 1500 வாட் ராடு என்றால் 6.5 ஆம்பியர் இழுக்க வேண்டும், தடை 35 ஓம் சொச்சம் இருக்க வேண்டும். இதில் குழப்பம் ஒன்றுமில்லை. அந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் எப்படி அளந்தீர்கள், எங்கே அளந்தீர்கள், எந்தச் சாமானில் அளந்தீர்கள் என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் சாமான், எந்த வகை? ராடு, கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூட்டுக் கம்பியா, அல்லது மோட்டாரோ எலக்ட்ரானிக் சர்க்யூட்டோ உள்ளே இருக்கிறதா? சூட்டுக் கம்பி என்றால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியதும் வாட் வந்துவிடும். ஃபிரிட்ஜ், சாதாரண ஃபேன், எல்இடி பல்பு, கம்ப்ரசர் உள்ள எதுவும் அப்படியில்லை. அங்கே பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர், சுருக்கமாக விஏ. அதில் ஒரு பகுதிதான் உண்மையான வாட். அந்தப் பகுதி எவ்வளவு என்பதைச் சொல்வதுதான் பவர் ஃபேக்டர்.

எண் எதற்கு? பலர் இதை யோசிப்பதே இல்லை. பில் எவ்வளவு ஏறும் என்று பார்க்க வாட் வேண்டும். ஒயர் எவ்வளவு தடிமன், எம்சிபி (அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர் என்று முடிவு செய்ய ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டர் வாங்க விஏ வேண்டும். ஒரு சாமான் கெட்டுப்போச்சா என்று பார்க்க ஓம் வேண்டும். ஆக, பில்லுக்குத் ‘தப்பான’ எண்ணே இன்வெர்ட்டருக்குச் சரியான எண்ணாக இருக்கலாம்.

கரண்ட் இருக்கும் கம்பியைத் தொட வேண்டியிருக்கிறதா? 230 வோல்ட்டில் ஆம்பியர் பார்க்க ஒயரை அறுத்து மீட்டரை நடுவில் சேர்க்கிற முறையும் இருக்கிறது, ஒயரை அறுக்காமலே பார்க்கிற முறையும் இருக்கிறது. வீட்டில் செய்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும் முடிவெடுக்க.

அளவு ரொம்பச் சின்னதா, ரொம்பப் பெரியதா? 0.1 ஓமும் சரி, 10 லட்சம் ஓம் தடையின் மேல் பார்க்கும் வோல்ட்டும் சரி, சாதாரண மீட்டரை வைத்து அப்படியே நம்ப முடியாது.

அப்புறம் மறைமுகச் செலவு. மீட்டரின் விலை ஒன்று, அதை வாங்கிய பிறகு இதில் இது வராது என்று தெரிந்து இன்னொன்று வாங்குகிற விலை வேறொன்று.

## லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுவது

காசே இல்லாத வழி. சாமானின் பின்பக்கம் வாட்டும் வோல்ட்டும் அச்சிட்டிருக்கும், வகுத்தால் ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4.35 ஆம்பியர், 53 ஓம்.

இதில் ஒளிந்திருக்கும் பொய் என்னவென்றால், லேபிளில் உள்ள வாட் அதே லேபிளில் உள்ள வோல்ட்டுக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் சாயங்காலம் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் அதே அயர்ன் பாக்ஸ் 190 × 190 ÷ 53, அதாவது 680 வாட் சொச்சம்தான் தரும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மோட்டார் என்றால் வேறு சிக்கல்: 1 ஹெச்பி பம்பு என்பது 746 வாட், ஆனால் அது மோட்டாரின் தண்டு வெளியே தருகிற வேலை. லைனிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். மிக்ஸியில் போட்டிருக்கும் வாட்டும் நீங்கள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது இழுக்கிற வாட்டும் ஒன்றல்ல.

புது வீட்டுக்கு ஒயரிங் பிளான் போடும்போது லேபிளே போதும், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

## மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது

மஞ்சள் நிறத்தில் எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் தொங்குமே, டிடி-830 வகை, சில நூறு ரூபாய். சாமானை பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, ஓம் ரேஞ்சில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்னிலும் லீடை (மீட்டரின் முனைக் கம்பியை) வைத்தால் முடிந்தது. கரண்ட் பக்கமே போகாமல் பார்ப்பதால் இருப்பதிலேயே ஆபத்து குறைந்த வழி.

பெரியம்மா வீட்டு ராடில் 36.3 காட்டியது. இரண்டு லீடையும் ஒன்றோடொன்று தொட்டு வைத்தால் 0.5, அது லீடின் சொந்தத் தடை. கழித்தால் 35.8 ஓம். 230 வோல்ட்டில் 1480 வாட் வருகிறது. ஆக, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

சரி, இதே மாதிரி எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே என்றால், அதுதான் முடியாது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று கிடைத்தால் அளந்து பாருங்கள், 60-70 ஓம்தான் காட்டும். கணக்குப் போட்டால் 800 வாட் வரும்! மீட்டரும் பொய் சொல்லவில்லை, சூத்திரமும் பொய் சொல்லவில்லை. பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு தடை, வெள்ளையாகக் கனன்று எரியும்போது 880 ஓம் சொச்சம். ராடிலும் அயர்ன் பாக்ஸிலும் இருப்பது நிக்ரோம், அதன் தடை சூட்டில் சில சதவீதமே மாறும் என்பதால்தான் அங்கே இந்த வழி பலிக்கிறது. ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஓமில் பார்த்து வாட் கணக்குப் போடுவது சுத்த வீண். அங்கே வருவது மோட்டாரின் காயிலில் (கம்பிச் சுருளில்) சுற்றிய செம்பின் தடை மட்டும்தான், காயில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் உதவும்.

மறைமுகச் செலவு: இந்த மஞ்சள் மீட்டரில் 10 ஆம்பியர் ஓட்டை ஒன்று இருக்கிறதே என்று நம்பி வாங்குபவர்கள் அதிகம். அது டிசி ஆம்பியர். ஏசி ஆம்பியர் பார்க்கும் ரேஞ்சே இதில் கிடையாது. வீட்டு லைனில் ஆம்பியர் பார்க்க வேண்டும் என்று இதை வாங்கினால் அந்தக் காசு போச்சு. அதைவிட மோசம், லீடை 10 ஆம்பியர் ஓட்டையிலேயே மறந்து விட்டுவிட்டுப் பிளக் பாயிண்டில் வோல்ட் பார்க்கப் போவது. அது நேரே ஷார்ட் சர்க்யூட், பல மலிவு மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃப்யூஸும் கிடையாது.

## வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் அளப்பது

பள்ளி லேபில் செய்தது. இரண்டு மீட்டர் வேண்டும், ஆம்பியர் மீட்டரைத் தொடரிலும் வோல்ட் மீட்டரைப் பக்க இணைப்பிலும் இணைக்க வேண்டும். வீட்டு 230 வோல்ட்டில் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன், அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் 12 வோல்ட் பேட்டரி, சோலார் பேனல், எல்இடி ஸ்ட்ரிப் என்று டிசி பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதை மிஞ்சிய வழி இல்லை. டிசியில் பவர் ஃபேக்டர் தொல்லை கிடையாது, பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம்.

முக்கியமாக, ஓம் ரேஞ்ச் கைவிடுகிற இடத்தில் இது கைகொடுக்கும். 10 மீட்டர் நீளமுள்ள 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரின் தடை 0.17 ஓம்தான். லீடே அரை ஓம் இருக்கும் மீட்டரில் இதை எப்படிப் பார்ப்பது? பைக் இண்டிகேட்டர் பல்பு 10 வாட் ஒன்றை அந்த ஒயரோடு தொடரில் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியில் எரிய விடுங்கள், ஏறக்குறைய 0.83 ஆம்பியர் ஓடும். ஒயரின் இரண்டு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள், 140 வரும். வகுத்தால் 0.17 ஓம். வோல்ட் மீட்டரின் லீடில் கரண்ட் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் அதன் தடை கணக்கில் சேராது.

எங்கே பிசகும் என்றால், வோல்ட் மீட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில். 10 ஓம் ரெசிஸ்டர், ஆம்பியர் மீட்டரின் உள்தடை 1 ஓம் என்று வையுங்கள். வோல்ட் மீட்டரை இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் விடை 11 ஓம் வரும், 10 சதவீதம் பிழை. ரெசிஸ்டரின் காலிலேயே வைத்தால் சரியாக வரும். பெரிய தடைக்கு இது தலைகீழ்: 10 லட்சம் ஓம் ரெசிஸ்டரின் காலில் அந்த மஞ்சள் மீட்டரை வைத்தால், அதன் உள்தடையும் 10 லட்சம் ஓம் என்பதால் விடை பாதியாகிவிடும். சின்னத் தடைக்கு வோல்ட் மீட்டர் தடையின் காலில், பெரிய தடைக்கு ஆம்பியர் மீட்டருக்கும் அந்தப் பக்கம்.

இந்தத் தொல்லை புதிதும் அல்ல. ஜார்ஜ் ஓம் 1827இல் தன் புத்தகத்தை வெளியிடுவதற்கு முன் சோதனைகள் செய்தபோது, வோல்டாவின் அடுக்கு பேட்டரி ஒரே அளவில் நிற்காமல் ஆட்டம் காட்டியது. கடைசியில் செம்பையும் பிஸ்மத்தையும் சேர்த்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னழுத்தம் உண்டாக்கிக்கொண்டார். லோடு போட்டதும் வோல்ட் விழுகிறது என்ற, அடுத்துச் சொல்லப்போகிற பெரியம்மா வீட்டுப் பிரச்சினையின் தாத்தா அது.

## டாங் டெஸ்டர்

கடையில் கிளாம்ப் மீட்டர் என்பார்கள், வயர்மேன்கள் சொல்வது டாங் டெஸ்டர். வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் ஆம்பியர் காட்டும், எதையும் அறுக்கவோ தொடவோ வேண்டாம். ஏசி மட்டும் பார்ப்பது ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது, டிசியும் பார்ப்பதற்கு அதைவிட ஆகும். சோலார் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏசி மட்டும் பார்க்கும் டாங் பேனல் ஒயரைக் கவ்விக்கொண்டு பூஜ்யம் காட்டும்.

வாங்கிய முதல் நாள் எல்லோரும் செய்யும் தவறு, அயர்ன் பாக்ஸின் முழு ஒயரையும் கவ்வுவது. ஃபேஸில் போவதும் நியூட்ரலில் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டும். ஒற்றை ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். நான் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வெளி உறையை ஒரு ஜாண் நீளத்துக்கு மட்டும் உரித்து, உள்ளே இருக்கும் மூன்று ஒயரையும் அவற்றின் இன்சுலேஷன் கீறாமல் பிரித்து வைத்திருக்கிறேன். அளக்க வேண்டிய எதையும் அதில் செருகிவிட்டால் போதும். சின்னக் கரண்ட்டில் டாங் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஃபேன் இழுக்கும் 0.3 ஆம்பியரைப் பார்க்க, ஒற்றை ஒயரைத் தாடையில் 10 சுற்று சுற்றிவிட்டு வருவதை 10ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

பெரியம்மா வீட்டுக்கு வருவோம். ராடு போடும் முன் பின்கட்டுக் குளியலறை பிளக் பாயிண்டில் 226 வோல்ட். ராடு போட்டதும் 204. டாங் 5.7 ஆம்பியர் காட்டியது. 204 ÷ 5.7 = 35.8, ஓமில் பார்த்ததும் இதுவும் ஒத்துப்போகிறது. ஆனால் 204 × 5.7 = 1160 வாட்தான் தண்ணீருக்குப் போகிறது. மீதி 22 வோல்ட் எங்கே? 22 ÷ 5.7, கிட்டத்தட்ட 3.9 ஓம் எங்கோ வழியில் உட்கார்ந்திருக்கிறது. 22 × 5.7, அதாவது 125 வாட், சுவருக்குள் சூடாகிக்கொண்டிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தால், பல வருஷத்துக்கு முன் குளியலறைக்கு இழுத்த மெல்லிய ஒயர், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட், அந்த டேப் உருகிக் கருத்திருந்தது. ராடை மட்டும் மாற்றியிருந்தால் அது என்றைக்காவது பற்றியிருக்கும்.

இந்த மாதிரிப் பிசகைக் கண்டுபிடிக்க வோல்ட், ஆம்பியர் இரண்டையும் லோடு ஓடும்போதே பார்க்க வேண்டும். லேபிளாலோ ஓம் ரேஞ்சாலோ முடியாது.

## பிளக்கில் செருகும் வாட் மீட்டர்

சுவரில் இதைச் செருகி, இதில் சாமானைச் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், யூனிட் எல்லாம் திரையில் வந்துவிடும். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை. ஃபிரிட்ஜை அளப்பதில் இதற்கு நிகர் இல்லை. உதாரணத்துக்கு டாங்கில் 0.9 ஆம்பியர் காட்டும் ஒரு ஃபிரிட்ஜ், பெருக்கினால் 207. இதில் செருகினால் 130 வாட்தான், பவர் ஃபேக்டர் 0.63 என்று வரும். பில்லுக்கு 130, இன்வெர்ட்டருக்கு 207. அதோடு கம்ப்ரசர் ஓடி நிற்பதெல்லாம் சேர்த்து ஒரு நாள் முழுக்க எத்தனை யூனிட் என்று பார்க்க முடிவது இதில் மட்டும்தான்.

குறை என்றால், பிளக் இல்லாத எதையும் அளக்க முடியாது: சீலிங் ஃபேன், போர் மோட்டார், நேரே ஒயர் கொடுத்த ஏசி எல்லாம் வெளியே. ஓம் தனியாகக் காட்டாது, சூட்டுக் கம்பியாக இருந்தால் நீங்களே வகுத்துக்கொள்ளலாம். 6 ஆம்பியர் பின்னா 16 ஆம்பியர் பின்னா என்று பார்க்காமல் வாங்கினால் கன்வெர்ட்டர் தேடி அலைய வேண்டும், கீசரைக் கன்வெர்ட்டரில் ஓட்டுவது தேவையில்லாத வினை. ஸ்டாண்ட்பையில் (அணைத்தபடி பிளக்கில் இருக்கும்போது) இழுக்கும் அரை வாட், ஒரு வாட்டை இதில் பார்த்துவிட்டு யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.

## ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கு

எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் மீட்டரை ஏற்கெனவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) எத்தனை முறை மினுக்கும் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், வீடுகளில் அடிக்கடி பார்ப்பது 3200. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டு, 10 மினுக்குக்கு எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். 3200 என்று போட்ட மீட்டர் என்றால் 11,250ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட். 11.25 நொடி ஆனால் 1000 வாட். கீசர் போட்டால் விளக்கு படபடக்கும், ஒரு ஃபேன் என்றால் ஒரு மினுக்குக்கே கால் நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பவர் ஃபேக்டர் பற்றிக் கவலை வேண்டாம், பில் போடுகிற மீட்டரே இதுதான். பெரியம்மா வீட்டில் 10 மினுக்கு 8.7 நொடி, அதாவது 1290 வாட் சொச்சம். குளியலறையில் பார்த்தது 1160. இடையில் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சுவருக்குள் போனது, அதற்கும் சேர்த்துத்தான் பில் கட்டிக்கொண்டிருந்தார். கஷ்டம் ஒன்றுதான், பத்து நிமிடம் ஃபேன் இல்லாமல் வீட்டில் உள்ளவர்களைச் சமாளிக்க வேண்டும், ஃபிரிட்ஜை அணைக்க மறந்தால் கணக்கு கெடும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஓம் | வாட் | பிசகும் இடம் | செலவு |
|---|---|---|---|---|
| லேபிள் | கணக்கில் வரும் | சொன்ன வோல்ட்டில் மட்டும் | வோல்ட் குறைந்த வீடு, மோட்டார் | இல்லை |
| மல்டிமீட்டர் ஓம் | நேரடியாக | சூட்டுக் கம்பிக்கு மட்டும் | குண்டு பல்பு, மோட்டார், 1 ஓமுக்குக் கீழ் | சில நூறு |
| வோல்ட் + ஆம்பியர் | மிகச் சின்னத் தடைக்கும் வரும் | டிசியில் அப்படியே | மீட்டர் வைக்கும் இடம். 230 வோல்ட்டில் ஆபத்து | இரண்டு மீட்டர் |
| டாங் + வோல்ட் | சூட்டுக் கம்பிக்கு | சூட்டுக் கம்பிக்கு. மற்றதற்கு விஏ | சின்னக் கரண்ட், இரட்டை ஒயர் | ஆயிரத்தை ஒட்டி |
| பிளக் வாட் மீட்டர் | வகுத்துக்கொள்ள வேண்டும் | எல்லாவற்றுக்கும் | பிளக் இல்லாதவை, ஸ்டாண்ட்பை | 1000–2000 |
| ஈபி மீட்டர் | கிடையாது | எல்லாவற்றுக்கும் | மற்றவை ஓடினால், சின்ன லோடு | இல்லை |

## யாருக்கு எது

பில் ஏன் ஏறுகிறது என்பது மட்டும்தான் கேள்வி என்றால் காசு செலவழிக்காமல் சிவப்பு விளக்கில் தொடங்குங்கள். இலவச யூனிட் வரம்பை ஒட்டி இருக்கும் சின்னக் குடும்பத்துக்கு அதுவே போதும். ஃபிரிட்ஜ் மேல்தான் சந்தேகம் என்றால் பிளக் மீட்டர், அதைக்கூடச் சொந்தமாக வாங்காமல் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது.

இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர், மோட்டார் வைத்திருப்பவர், ஒயர் சூடாகிறது என்று பயப்படுகிறவர் டாங் வாங்கட்டும். பெரும்பாலான டாங்கிலேயே வோல்ட்டும் ஓமும் இருப்பதால் ஒரே மீட்டர்தான் வாங்குவேன் என்பவருக்கும் நான் கைகாட்டுவது அதைத்தான், மஞ்சள் மீட்டரை அல்ல. மஞ்சள் மீட்டர் எலக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகளுக்கு, பேட்டரி வேலைக்கு, ஹீட்டர் கம்பி அறுந்ததா என்று பார்ப்பதற்கு. இரண்டு மஞ்சள் மீட்டராக வாங்கிக் கொடுத்தால் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் பார்க்கிற சோதனையையும் அவர்களே செய்துவிடுவார்கள்.

பெரியம்மா வீட்டில் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் புதிதாக இழுத்த பிறகு, ராடு ஓடும்போது 222 வோல்ட், 6.2 ஆம்பியர். 1376 வாட். இருபது லிட்டர் பக்கெட் தண்ணீரை இருபது டிகிரி ஏற்ற இருபது நிமிடம் சொச்சம். இதற்குள் அவர் அந்தக் கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறொரு ராடு வாங்கி வைத்துவிட்டார், அதுவும் 36 ஓம்தான்.